அம்மாவின் 1,430 கலோரி

என் அம்மா ஒரு நாளைக்குச் சராசரியாக 1,430 கலோரி சாப்பிடுகிறாள். உத்தேசமாகச் சொல்லவில்லை. பதினான்கு நாட்கள், காலைக் காப்பியில் தொடங்கி ராத்திரி மாத்திரையோடு குடிக்கிற பால் வரைக்கும் தராசில் நிறுத்து, எக்செல்லில் ஏற்றிப் போட்ட கணக்கு. பெற்ற தாயின் தட்டை மகன் நிறுத்துப் பார்ப்பது அசிங்கமாக இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். அசிங்கம்தான். ஆனால் அதற்கு முன்பே ஒரு அசிங்கம் நடந்து முடிந்திருந்தது.

அம்மாவுக்கு 58 வயது. 152 சென்டிமீட்டர், 68 கிலோ. சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது, இரண்டு முட்டியும் வலி. ஒரு மருத்துவமனையின் உணவு ஆலோசகர் 1,200 கலோரிக்கு அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து, இதன்படி சாப்பிட்டால் மாதம் ஒன்றரை கிலோவாவது குறையும் என்றார். மூன்று மாதம் கழித்துப் போனோம். தராசு 67.6 காட்டியது. அவர் தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்ல கொஞ்சம் கவனிச்சுக்கங்க சார். யாரும் பாக்காதப்ப ஏதாச்சும் எடுத்துச் சாப்பிடுவாங்களா இருக்கும்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகுதான், "ஏப்பா, நா என்ன களவாணியா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு மகனிடம் ஒரே பதில்தான் இருக்க முடியும். ஆனால் எனக்கு ஒரு ஆய்வும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. 1992இல் நியூயார்க்கில் ஸ்டீவன் லிச்ட்மனும் சகாக்களும் வெளியிட்டது. 'நான் 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை குறையவில்லை' என்று சொன்ன பத்துப் பேரைப் பிடித்து அளந்தார்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொஞ்சம் கனமான அணுக்களாக இருக்கிற தண்ணீரைக் குடிக்க வைத்து, அது எவ்வளவு வேகத்தில் உடம்பை விட்டு வெளியேறுகிறது என்று சிறுநீரில் பார்ப்பார்கள். உடம்பு எரித்த மொத்தக் கலோரி அதில் தெரிந்துவிடும். பொய் சொல்லத் தெரியாத முறை. அந்தப் பத்துப் பேரும் சாப்பிட்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய மெட்டபாலிசத்தில் ஒரு கோளாறும் இல்லை.

அம்மா பதினோராவது ஆளாக இருந்தால்? அதனால்தான் தராசு வாங்கினேன். அம்மாவிடம் முறையாகக் கேட்டுவிட்டுத்தான். "நிறுத்துக்க, எனக்கென்ன பயம்" என்றாள்.

கலோரி எண்ணும் ஆப்களை எழுதினவர்கள் யாரும் நம் வீட்டு அடுப்படிக்குள் வந்ததில்லை. 'ஒரு கப் சாம்பார்' என்று கேட்கும். எந்தக் கப், அடியில் இருக்கிற பருப்பா மேலே தெளிந்த தண்ணியா என்று அதற்குக் கவலை கிடையாது. அம்மாவுக்கு அளவு என்றால் உழக்கு, கரண்டி, கைப்பிடி, 'கண்ணு மதிப்பு'. அதனால் சமைப்பதற்கு முன் எல்லாவற்றையும் பச்சையாக நிறுத்தேன், வெந்த பிறகு பாத்திரத்தோடு நிறுத்தேன், அம்மாவின் பங்கை மறுபடி நிறுத்தேன். அரிசி பச்சையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி. வெந்து தண்ணீர் குடித்து ஊதிய சோறாக நிறுத்தால் அதே 100 கிராம் 130தான். ஆப் வைத்துக்கொண்டு எடை குறைக்கிற பாதிப் பேர் இந்த ஒரு இடத்திலேயே வழுக்கி விழுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையில் வாங்கி வந்த பிரியாணியில் சீரகச் சம்பாவைத் தனியாகவும் கறியைத் தனியாகவும் பிரித்து நிறுத்ததை என் மனைவி வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். (திண்டுக்கல்காரர்கள் மூன்று வேளையும் பிரியாணி சாப்பிடுவதாக வெளியூரில் ஒரு நம்பிக்கை உண்டு. எங்கள் வீட்டில் மாதம் இரண்டு தடவை.)

எண்ணெயை மட்டும் தட்டில் பிடிக்க முடியவில்லை. அதற்குக் குறுக்கு வழி, மாதக் கணக்கு. நாலு பேர் இருக்கிற வீட்டில் மூன்று லிட்டர் கடலை எண்ணெய் தீர்கிறது. ஆளுக்கு முக்கால் லிட்டர். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி, வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 200 கலோரி. அம்மாவின் தாளில் 'எண்ணெய்: 2 டீஸ்பூன்' என்று இருந்தது. அது 80 கலோரிகூடத் தேறாது. தாளிப்பிலிருந்து அம்மாவின் பங்கை மட்டும் தனியாக எப்படி எடுப்பது என்று அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை.

இன்னொரு வரவு நாலாவது நாள்தான் என் கண்ணில் பட்டது. பாப்பா சாப்பிட்டு மிச்சம் வைக்கிற தட்டு. நாலு வயதுக் குழந்தை, மூன்று வேளையும் எதையாவது மிச்சம் வைப்பாள். அரை இட்லி, தயிர் ஊற்றிப் பிசைந்த இரண்டு வாய் சோறு, நெய் தடவின தோசையின் ஓரம். அம்மா அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்கிறாள். சாப்பிடுவதாக நினைத்துச் சாப்பிடவில்லை, தட்டைக் கழுவுவதற்கு முன்னால் செய்கிற வேலை அது. இத்தனை வருடமாக என் தட்டு, தங்கச்சி தட்டு, அப்பாவின் தட்டு எல்லாம் அப்படித்தான் காலியாகியிருக்கின்றன. நிறுத்துப் பார்த்ததில் நாளுக்கு 90இலிருந்து 120 கலோரி. "அதெல்லாம் ஒரு கணக்கா? சோத்தக் குப்பையில கொட்டச் சொல்றியா?" என்றாள்.

ஆக, 1,200 என்று அம்மா நம்பியது உண்மையில் 1,430. எண்ணெயும் மிச்சச் சோறும் கூடின. லிச்ட்மனின் 47 விழுக்காடெல்லாம் இல்லை. ராத்திரியில் யாரும் எதையும் எடுத்துத் தின்னவும் இல்லை.

ஆனால் சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது. ஆப் கணக்குப்படி அம்மாவின் தினசரிச் செலவு 1,621 கலோரி. வரவு 1,430 என்றால் தினமும் 191 பற்றாக்குறை. மூன்று மாதத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் போயிருக்க வேண்டும். போனது 400 கிராம். வரவுப் பக்கத்தைக் கிராம் கிராமாகச் சரிபார்த்தாயிற்று. தப்பு இருந்தால் செலவுப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அந்த 1,621ஐ யாரும் அளக்கவில்லை.

வளர்சிதை மாற்றம் என்று பாடப்புத்தகம் சொல்வதை, மெட்டபாலிசம் என்று நாம் எல்லோரும் சொல்வதை, பெரும்பாலோர் உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் நினைக்கிறோம். உண்மையில் அதில் பெரிய பங்கு சும்மா படுத்துக் கிடக்கிறபோது ஆகிற செலவு. இதயம், சிறுநீரகம், மூளை, ஈரல் எல்லாம் சேர்ந்து உடம்பின் எடையில் ஐந்தாறு விழுக்காடுதான் வரும். படுத்திருக்கையில் எரிவதில் பாதிக்கு மேல் அவற்றுக்கே போய்விடுகிறது. ஒரு கிலோ தசை சும்மா இருக்கையில் நாளுக்கு 13 கலோரி எரிக்கும், ஒரு கிலோ கொழுப்பு நாலரை. தின்றதைச் செரிக்க ஒரு பத்து விழுக்காடு. மிச்சம்தான் நடப்பது, பெருக்குவது, பாப்பாவைத் துரத்துவது. 'முப்பது தாண்டினா மெட்டபாலிசம் படுத்துரும் ப்ரோ' என்று ஆபீசில் சொல்லிக்கொண்டிருந்தோம். 2021இல் ஹெர்மன் பான்ட்சரின் குழு 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைச் சேர்த்து வெளியிட்டதில் அதுவும் போயிற்று. உடம்பு அளவுக்கு ஈடாகப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிறது. என் தொப்பைக்கு நான் வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று. இந்தக் கட்டுரைக்கு அது வேண்டாம்.

அந்தப் படுக்கைச் செலவை ஆப் ஒரு சூத்திரத்தால் ஊகிக்கிறது. எடை, உயரம், வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பெரும்பாலான ஆப்கள் வைத்திருப்பது 1990இல் அமெரிக்காவில் 498 பேரை அளந்து எழுதிய மிஃப்லின் சூத்திரம். அதற்கு முன்பு ஐநா அமைப்புகள் உலகம் முழுவதற்கும் பயன்படுத்தியது 1985இல் ஸ்கோஃபீல்டு தொகுத்தது. அதன் தரவுகளில் ஏறக்குறைய பாதி இத்தாலியர்களுடையது. அதிலும் நிறையப் பேர் இளம் சிப்பாய்கள், போலீஸ் பயிற்சியில் இருந்தவர்கள், சுரங்கத் தொழிலாளர்கள். அந்தக் காலத்து இத்தாலியச் சிப்பாயை வைத்து வேடசந்தூர்ப் பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் பதினெட்டு வருடம் நூல் சுற்றின பெண்ணுக்குக் கணக்குப் போட்டால் எப்படி இருக்கும்? 1991இல் ஜெயகுமார் ஹென்றியும் ரீஸும் வெப்ப மண்டல மக்களுக்குத் தனிச் சமன்பாடுகள் எழுதினார்கள். பழையவை நம் போன்றவர்களின் செலவைக் கூட்டிக் காட்டுகின்றன என்பதுதான் அவர்கள் கண்டது. நம் ஐசிஎம்ஆரும் கொஞ்சம் கழித்துத்தான் இந்தியர்களுக்குப் பரிந்துரை எழுதியது.

சூத்திரத்தை விட்டுவிட்டு நேராகவும் போகலாம். எடைத் தராசே ஒரு மீட்டர்தான். 90 நாளில் 400 கிராம் குறைந்தது என்றால் தினம் 34 கலோரி கையிருப்பிலிருந்து போயிருக்கிறது. 1,430ஐயும் 34ஐயும் கூட்டினால் 1,464. மிஃப்லின் சூத்திரத்தில் பத்து விழுக்காடு கழித்துப் போட்டுப் பார்த்தேன், 1,459 வந்தது. இவ்வளவு அழகாகப் பொருந்துவது தற்செயல். பதினாலு நாள் சராசரியில் நூறு கலோரி அங்கிட்டு இங்கிட்டு இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி அம்மாவை எழுப்பிச் சொல்லலாமா என்று தோன்றியது. அவள் தின்றது 1,430. அவள் உடம்பு கேட்பதே 1,464தான். களவு போனது ஒன்றும் இல்லை.

குறைத்துச் சாப்பிட்டால் இந்தச் செலவும் குறையும். தாளில் அந்த வரி இல்லை. ஒரு கிலோவுக்கு 7,700 கலோரி என்கிற கணக்கு மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற நியூயார்க் மருத்துவர் 1958இல் எழுதியதன் வாரிசு. ஒரு பவுண்டுக்கு 3,500 என்று அவர் சொன்னார். அதை அப்படியே நீட்டினால், தினம் 100 கலோரி குறைக்கிற 70 கிலோ ஆள் பதினைந்து வருடத்தில் காற்றில் கரைந்து காணாமல் போக வேண்டும். இப்படி ஒரு கோடை நான் எழுதியிருந்தால் டெஸ்டிங்கிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். 2011இல் கெவின் ஹாலும் குழுவும் லான்செட்டில் இதைத் திருத்தினார்கள். தினசரி 24 கலோரி குறைப்புக்குக் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஒரு வருடம், முக்கால்வாசிக்கும் மேல், 95 விழுக்காடு குறைய மூன்று வருடம். ஆக 100 கலோரிக்கு நாலு கிலோ. முதல் வருடத்தில் இரண்டு. அதற்கு மேல் உடம்பே புதிய மட்டத்தில் நின்றுகொள்ளும்.

வேகமாகக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அளவுகள் இருக்கின்றன. 1944-45இல் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை, போருக்குப் போக மறுத்தவர்கள், ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். சராசரியாக நாளுக்கு 1,570 கலோரி. எடையில் கால்வாசி போனது. படுக்கைச் செலவு 40 விழுக்காடு வரை சரிந்தது. குளிர் எடுத்தது, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. அமெரிக்க டிவியில் எடை குறைப்புப் போட்டி நடத்திய 'தி பிக்கஸ்ட் லூசர்' ஆட்களில் 14 பேரை ஆறு வருடம் கழித்து ஹால் மறுபடி அளந்தார். குறைத்ததில் பெரும்பகுதி திரும்ப ஏறியிருந்தது. ஆனால் செலவு மட்டும் ஏறவில்லை. அந்த உடம்புக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே எரிந்தது. உடம்பு பஞ்சத்தை மறக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

பஞ்சம் என்றதும் தாது வருஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1876-78 பஞ்சம். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் ஒரு தாலுகா. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்று 1877இல் ரிச்சர்டு டெம்பிள் ஒரு முடிவுக்கு வந்தார். ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணா காசு. 450 கிராம் அரிசியை என் எக்செல்லில் போட்டேன். 1,575 வந்தது. கீஸின் அரைப்பட்டினிக்கு ஐந்து கலோரி அதிகம். மின்னசோட்டாக்காரர்கள் வாரத்துக்கு இருபத்திரண்டு மைல் நடந்தார்கள். இவர்கள் வெயிலில் கல் உடைத்தார்கள், மண் சுமந்தார்கள், சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு துண்டை வெட்டினார்கள். சென்னை மாகாண சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஆர். கார்னிஷ் இது போதாது, ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று சண்டை போட்டார். ஆட்கள் மெலிந்துகொண்டே போவதைக் காட்டினார். அந்த வருடமே கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். அவர் கேட்ட அளவுக்கு உயர்த்தவில்லை.

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற அம்மாவின் 1,200 கலோரித் தாளையும் இதையும் பக்கத்தில் வைப்பது அநியாயம் என்று எனக்கே தெரியும். அவள் சின்ன உடம்புக்காரி, மண் சுமக்கவில்லை. வைக்க வைத்தது எண் இல்லை. இரண்டு இடத்திலும் கணக்கு உதைக்கும்போது சந்தேகம் ஆளின் மேல்தான் விழுகிறது. என் எக்செல்லில் இருக்கிற உணவு எண்களின் வம்சமும் ஏறக்குறைய அங்கிருந்துதான் வருகிறது. 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் ஒரு சின்ன அறையில் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கினார். அது வளர்ந்து, 1937இல் அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். 1958இல் அந்த நிறுவனம் ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நான் கம்புக்கும் முருங்கைக்கீரைக்கும் எண் எடுத்தது அவர்களுடைய 2017 பட்டியலில், 528 உணவுகள். குன்னூரில் அந்த அட்டவணையைப் போட்டவர்களின் கவலை, நம் ஆட்கள் போதுமான அளவு சாப்பிடுகிறார்களா என்பது.

'தாது வருஷப் பஞ்சத்துல தப்பிச்ச பரம்பரை, அதான் நமக்கு சுகர்' என்று வாட்ஸ்ஆப்பில் ஒன்று சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஜேம்ஸ் நீல் 1962இல் சொன்ன சிக்கன மரபணுக் கருதுகோளின் கிராமத்துப் பிரதி. அந்த மரபணுவை இதுவரை யாரும் கையில் பிடித்துக் காட்டவில்லை, அதனால் நான் ஃபார்வர்டு செய்வதில்லை.

எனக்கு நம்பிக்கை தருகிற விளக்கம் ஒரு போட்டோவில் இருக்கிறது. 2004 லான்செட்டில் வந்தது. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. அதே எடை, உள்ளே இருக்கிற சரக்கு வேறு. நமக்குத் தசை குறைவு, கொழுப்பு கூடுதல். இத்தாலியச் சூத்திரம் நம்மிடம் பிசகுவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். கொழுப்பைக் கழித்துவிட்டு மிச்ச உடம்புக்கு ஈடாகக் கணக்குப் போட்டால் இந்தியனும் வெள்ளைக்காரனும் ஏறத்தாழ ஒரே அளவுதான் எரிக்கிறார்கள்.

அந்தப் போட்டோவைப் பார்க்கும்போது எனக்கு அப்பா ஞாபகம் வரும். நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறையில் மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். கடின உழைப்பு ஆணுக்கு 3,470 கலோரி என்கிறது ஐசிஎம்ஆரின் 2020 பட்டியல். அப்பா அதில் பாதியைப் பார்த்திருந்தால் அதிகம். காலையில் டீயும் வடையும், மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு, சாயங்காலம் மறுபடி டீ. 53 கிலோவைத் தாண்டினதே இல்லை. 47 வயதில் சர்க்கரை. "வெறும் எலும்புக்கூடு, இவனுக்கெங்கிட்டு சுகரு வரப்போகுது" என்று சித்தப்பா மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். எடை குறையுங்கள் என்று யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்ல எடை இல்லை. அதனால் ரொம்ப நாள் எதையுமே சொல்லவில்லை. 2016இல் மாரடைப்பு. 59 வயது. அம்மாவின் எடையை வைத்துக்கொண்டு நான் ஏன் இப்படி ராத்திரியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன் என்று கேட்டால் இதுதான்.

இப்போது பார்ப்பது எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு வயசான டாக்டர். எக்செல்லைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்துவிட்டு, "ஐடியா?" என்றார். வருஷத்துக்கு இரண்டு கிலோ போதும், கால் தசை போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து முட்டையும் சுண்டலும் கூட்டினோம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார்வது, பத்துப் பத்தாக. சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடை. கிலோவுக்கு 13 கலோரி எரிக்கிற தசையைச் சேர்த்து யாரும் இளைத்துவிட முடியாது. ஆனால் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்கிற பெரிய கிடங்கு தசைதான். மவுஞ்சாரோ ஊசி 2025இல் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் அதைப் பற்றியே பேசுகிறார். டாக்டர் இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறார். பசியை மட்டுப்படுத்துகிற ஒரு மருந்துக்கு இத்தனை கிலோ குறையும் என்றால், இத்தனை நாளும் வைராக்கியம் இல்லாதவர்கள் என்று நாம் யாரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்?

எட்டு மாதம் ஆகிறது. அம்மா 66.4. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 8.1இலிருந்து 7.2க்கு வந்திருக்கிறது. நாற்காலியிலிருந்து ஒரே மூச்சில் பதினாறு தடவை எழுகிறாள், நான் பதினெட்டு. பாப்பா இன்னமும் மிச்சம் வைக்கிறாள். அந்தத் தட்டு இப்போது என்னிடம் வருகிறது. நேற்று அரை இட்லியும் ஒரு கரண்டி கேசரியும்.